ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா? "வளையும்" என்கிறது பல்!

நாற்பது வயதில் கம்பி கட்டினால் சிரிக்கலாமா? மலைக்கும் சமவெளிக்கும் பொதுவான ஒரு சங்கதி

கொல்லிமலை,

நாமக்கல்லில் இருந்து சேந்தமங்கலம் வழியாகப் போகும் பஸ், காரவள்ளியைத் தாண்டியதும் மூச்சு வாங்கத் தொடங்கும். முதல் வளைவு, இரண்டாவது வளைவு என்று நம்பர் பலகைகள் வந்துகொண்டே இருக்கும். மலை மேலே போய்ச் சேருவதற்குள் மொத்தம் 70 கொண்டை ஊசி வளைவுகள். டிரைவர் ஸ்டியரிங்கை ஒடித்து ஒடித்துத் திருப்புவதைப் பார்த்தால், உலகத்தில் வளையாதது எதுவும் இல்லை என்றே தோன்றும்.

ஆனால் அதே பஸ்சில், பல்லில் கம்பி கட்டிய 45 வயதுக்காரர் ஒருவர் ஏறி உட்கார்ந்தால் போதும். முன் சீட்டில் இருப்பவர்கூட திரும்பிப் பார்ப்பார். பின் சீட்டில் முணுமுணுப்பு கிளம்பும்.

"ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா?"

பிள்ளை வளர்ப்புக்காகப் பெரியவர்கள் சொன்ன பழமொழி இது. சின்ன வயதில் நல்ல பழக்கம் சொல்லிக்கொடு என்பதற்காகச் சொன்னது. அதை நாம் பல்லுக்கும் சேர்த்து மாட்டிவிட்டோம்!

சரி, வளையுமா, வளையாதா?

பல் டாக்டர்கள் சொல்லும் பதில் ஒரே வார்த்தை:- வளையும்.

கம்பி கட்டுவதற்கு இத்தனை வயதுக்குள் என்று கெடு எதுவும் கிடையாது. தடை ஈறில் இருக்கலாம். எலும்பில் இருக்கலாம். பணப்பையில் இருக்கலாம். பல பேருக்கு அது 'நாலு பேர் என்ன சொல்லுவாங்களோ' என்ற பயத்தில்தான் இருக்கிறது.

அந்த நாலு பேர் யார்?

ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். சோளக்காட்டில் மிளகும் காப்பிக்கொட்டையும் வாங்கி விற்கிற ஒருவர். வயது 43. மேல்வரிசையில் இரண்டு பல் முன்னால் தள்ளிக்கொண்டு இருக்கிறது. கீழ்வரிசையில் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்கிறது. சிரிக்கும்போது கை தானாக வாயை மூடப் போகும். இருபது, இருபத்தைந்து வருஷத்துப் பழக்கம் அது.

இவர் ஒருநாள் துணிந்து கம்பி கட்டிக்கொண்டு சந்தைக்கு வந்தால் என்ன நடக்கும்?

"ஏனுங்கண்ணா, இந்த வயசுல இது தேவைங்களா?"

"பொண்ணுக்குக் கட்டப் போயி நீங்க கட்டிக்கிட்டீங்களா?"

"என்னுங்க மாமா, ரெண்டாந்தாரம் ஏதாச்சும் பார்த்திருக்கீங்களா?"

இதுவே 43 வயதுப் பெண்ணாக இருந்தால் கேலி இன்னும் கூர்மையாக இருக்கும். "பேத்தி எடுக்கப் போற நேரத்துல இவளுக்கு வந்த ஆசையைப் பாரு" என்பார்கள். முகத்துக்கு நேரே சொல்ல மாட்டார்கள். தண்ணீர்க் குழாயடியில் சொல்வார்கள். அது காதுக்கு வராமலா போகும்?

இப்படிப் பேசுகிறவர்கள் எல்லாம் கெட்டவர்கள் இல்லை. அக்கம்பக்கத்தினர்தான். சொந்தபந்தம்தான். அவர்கள் யாரும் பகையாளியாக இல்லாததால்தான் அந்தப் பேச்சு உள்ளே போய்த் தைக்கிறது.

டை அடிக்கலாம், கம்பி கட்டக்கூடாதா?

வேடிக்கை என்னவென்றால், வயதானால் உடம்புக்குச் செய்கிற மற்ற ரிப்பேர் எதையும் நாம் கேலி செய்வதில்லை.

நாற்பது தாண்டினால் வெள்ளெழுத்து. கண்ணாடி போடுகிறோம். "இந்த வயதில் கண்ணாடி எதற்கு?" என்று யாரும் கேட்பதில்லை. இந்த வயதில்தானே கண்ணாடி வேண்டும்!

நரைத்த தலைக்கு ஞாயிற்றுக்கிழமை தவறாமல் டை அடிக்கிறோம். அறுபதில் பல் செட் கட்டிக்கொண்டால் "இப்பத்தான் தாத்தா பளிச்சுனு இருக்கார்" என்று பாராட்டுகிறோம். எழுபதில் முழங்கால் மூட்டே மாற்றிக்கொள்கிறார்கள். நலம் விசாரிக்க ஆர்லிக்ஸ் பாட்டிலோடு போகிறோம்.

பல் எல்லாம் விழுந்தபிறகு செட் கட்டினால் அது வைத்தியம். பல் இருக்கும்போதே அதை வரிசைப்படுத்தினால் அது மினுக்கு! இது என்ன நியாயம்?

கல்யாணத்தோடு முடிந்துவிடுமா?

இந்த எண்ணத்துக்கு வேர் எங்கே இருக்கிறது என்று தோண்டிப் பார்த்தால், அது கல்யாணச் சந்தையில் போய் நிற்கிறது.

பெண் பிள்ளைக்குப் பல் எடுப்பாக இருந்தால், "பார்க்க வர்றவங்க என்ன சொல்லுவாங்களோ" என்று அம்மாவுக்குக் கவலை. உடனே கடன் வாங்கியாவது கம்பி கட்டுவார்கள். பையனுக்கு அந்த அவசரம் இல்லை. "ஆம்பளைப் பையனுக்கு என்ன, சம்பாதிச்சா சரி" என்று விட்டுவிடுவார்கள்.

கல்யாணம் ஆகிவிட்டதா? பெண்ணுக்கும் கணக்கு முடிந்தது. "அதான் ஒருத்தன் கட்டிக்கிட்டானே, இனிமே யாருக்குக் காட்டறதுக்கு?" என்று ஒரே போடு.

அதாவது நம் கணக்கில் பல் வரிசை என்பது சீர்வரிசையோடு சேர்ந்த ஒன்று. வாய்க்குச் சொந்தக்காரர் அந்தப் பல்லை வைத்துக்கொண்டு இன்னும் நாற்பது வருஷம் சாப்பிட வேண்டும், பேச வேண்டும், சிரிக்க வேண்டும் என்பது அந்தக் கணக்கில் வருவதே இல்லை.

2023-ம் ஆண்டில் தமிழக அரசு பள்ளிக்கூடப் பிள்ளைகளின் பல்லைப் பரிசோதிக்க 'புன்னகை' என்ற பெயரில் ஒரு திட்டம் தொடங்கியது. நல்ல காரியம். ஆனால் அந்தப் பிள்ளைகளின் அப்பா, அம்மா படித்த காலத்தில் இப்படிப் பள்ளிக்கூடத்துக்கு வந்து வாயைத் திறக்கச் சொன்னவர்கள் எத்தனை பேர்? ஐந்தில் வளைக்க ஆள் இல்லாதவர்களைப் பார்த்து, ஐம்பதில் வளையுமா என்று கேலி செய்வது அழகா?

எலும்பு என்ன சொல்கிறது?

பல் என்பது மரத்தில் அடித்த ஆணி மாதிரி தாடையில் இறங்கி நிற்கிறது என்றுதான் நம்மில் பலர் நினைக்கிறோம். அப்படி இல்லை.

பல்லின் வேருக்கும் தாடை எலும்புக்கும் நடுவே மெல்லிய நார்ப்படலம் ஒன்று இருக்கிறது. கால் மில்லி மீட்டர் கனம்கூட இருக்காது. கயிற்றுக் கட்டிலில் படுத்த மாதிரி, பல் அந்த நாரில் தொங்கிக்கொண்டு இருக்கிறது.

கம்பி கட்டி ஒரு பக்கமாக மெதுவாகத் தள்ளினால் என்ன ஆகிறது?

பல் எந்தப் பக்கம் நகர வேண்டுமோ, அந்தப் பக்கத்து எலும்பைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைக்க உடம்பே தனி அணுக்களை அனுப்புகிறது. பல் நகர்ந்துபோன பின்பக்கத்தில் காலியான இடத்தை நிரப்ப வேறு அணுக்கள் வந்து புது எலும்பு வைக்கின்றன. முன்னால் வெட்டு, பின்னால் நிரப்பு. மலைச்சரிவில் வயல் திருத்துகிறவர்கள் மேட்டை வெட்டிப் பள்ளத்தில் போடுவார்களே, அதே வேலைதான்.

சுமாராக மாதத்துக்கு ஒரு மில்லி மீட்டர். அவ்வளவுதான் வேகம்.

இந்த வெட்டும் நிரப்பும் வேலை, பதினாறு வயதோடு நின்றுபோகிற வேலை கிடையாது. உயிர் உள்ளவரை நடக்கும். அறுபது வயதில் கை முறிந்தால் மாவுக்கட்டுப் போடுகிறார்கள். எலும்பு கூடுகிறதா, இல்லையா? கூடுகிறதே! அந்த எலும்புதான் தாடையிலும் இருக்கிறது.

சின்ன வயதில் வேலை கொஞ்சம் சுறுசுறுப்பாக ஆரம்பிக்கும். பெரியவர்களுக்கு ஆரம்பம் மெதுவாக இருக்கலாம். மொத்தத்தில் ஒன்றரை வருஷம் முதல் இரண்டரை வருஷம் வரை ஆகலாம்.

வல்வில் ஓரியும் வாய்க்குள் வில்லும்

கொல்லிமலை என்றால் வல்வில் ஓரி. ஆடி மாதத்தில் செம்மேட்டில் அவனுக்கு அரசு விழா எடுக்கிறார்கள். வில்லுக்குப் பேர்போன மன்னன்.

வில்லின் சூட்சுமம் என்ன? வளைத்தால் வளையும். விட்டால் பழையபடி நிமிரப் பார்க்கும். அந்த 'நிமிரப் பார்க்கிற' வேகம்தான் அம்பைத் தள்ளுகிறது.

பல்லில் கட்டும் கம்பியும் ஒரு குட்டி வில்தான். கோணல் பல்லுக்குத் தக்கபடி வளைத்துக் கட்டுகிறார்கள். கம்பி தன் பழைய வடிவத்துக்குத் திரும்பப் பார்க்கிறது. திரும்பும்போது பல்லையும் கூடவே இழுத்துக்கொண்டு போகிறது.

முன்பெல்லாம் கெட்டியான எஃகுக் கம்பிதான். வலியும் அதிகம். 1960-ஐ ஒட்டிய வருஷங்களில் அமெரிக்கக் கடற்படை ஆராய்ச்சிக்கூடம் ஒன்றில் நிக்கலும் டைட்டானியமும் கலந்த ஓர் உலோகத்தைக் கண்டுபிடித்தார்கள். எவ்வளவு வளைத்தாலும் பழைய உருவத்தை மறக்காத உலோகம். 1970-களின் தொடக்கத்தில் அது பல் டாக்டர்கள் கைக்கு வந்தது. மெதுவாக, விடாமல், ஒரே சீராக இழுக்கும் கம்பி அது. பெரியவர்கள் பல்லுக்கும் மெதுவான இழுப்புதான் தோது.

வயதானால் தானாகவே வளையும்!

இன்னொரு சங்கதி பல பேருக்குத் தெரியாது.

ஐம்பது வயதில் பல் வளையுமா என்று கேட்கிறோம். நாம் கேட்காமலேயே அது வளைந்துகொண்டுதான் இருக்கிறது!

கண்ணாடி முன் நின்று கீழ்வரிசை முன்பற்களைப் பாருங்கள். இருபது வயதில் வரிசையாக இருந்த பல், நாற்பதில் ஒன்றையொன்று நெருக்கத் தொடங்கியிருக்கும். வயது ஏற ஏற இப்படி நெருக்குவது சகஜம்.

கடைவாய்ப் பல் ஒன்றைப் பிடுங்கிவிட்டு, அந்த இடத்தைக் காலியாக விட்டவர்களுக்கு இன்னும் மோசம். பக்கத்துப் பல் அந்தப் பள்ளத்தில் சாயும். மேல்வரிசைப் பல் கீழே இறங்கும். பஸ்சில் ஒருவர் எழுந்து போனால் பக்கத்தில் இருப்பவர் காலை நீட்டுவது மாதிரிதான். பிறகு அங்கே செயற்கைப் பல் வைக்கப் போனால் இடம் இருக்காது. சாய்ந்த பல்லை நிமிர்த்த, ஐம்பது வயதிலும் டாக்டரே கம்பி கட்டச் சொல்வது உண்டு.

ஈறு கெட்டு எலும்பு கரைந்தவர்களுக்கு முன்பல் இரண்டும் விலகி, நடுவில் சந்து விழும். "அதிர்ஷ்டச் சந்து" என்று விட்டுவிடாதீர்கள். பிறந்ததில் இருந்து இருந்தால் அது வேறு. நாற்பதுக்குமேல் புதிதாக விழுந்தால், அது ஈறு அடிக்கும் அபாயச் சங்கு.

அழகுக்கு மட்டுமா?

அழகுக்காக என்றாலும் தப்பில்லை. வாயை மூடாமல் சிரிக்க ஆசைப்படுவது ஒரு குற்றமா?

ஆனால் அழகு மட்டும் இல்லை. ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்கும் பல்லின் இடுக்கில் பிரஷ் போகாது. அங்கே அழுக்கு சேரும். பாறையாகக் கட்டும். ஈறில் ரத்தம் வரும். வாய் நாற்றம் வரும். அந்த நாற்றத்துக்குப் பயந்து எதிரே இருப்பவரிடம் முகம் கொடுத்துப் பேசாதவர்கள் எத்தனை பேர்!

மேல்பல்லும் கீழ்பல்லும் சரியாகச் சேராவிட்டால் ஒரே இடத்தில் தேயும். கடிக்க முடியாமல் விழுங்குவார்கள். முன்னால் தள்ளிய பல், கீழே விழுந்தால் முதலில் உடையும்.

கடையில் உட்கார்ந்து வாடிக்கையாளரிடம் பேசுகிறவருக்கும், கவுண்டரில் உட்கார்ந்து பதில் சொல்கிற குமாஸ்தாவுக்கும் வாய்தானே முதல்? 'பல்லு போனா சொல்லு போச்சு' என்று சும்மாவா சொன்னார்கள்!

டாம் குரூசும் கட்டினார்

பெரியவர்களுக்குப் பல் நகருமா என்ற சண்டை டாக்டர்களுக்குள்ளேயே ஒரு காலத்தில் இருந்தது. பிரான்சு நாட்டின் பியர் பொஷார் 1728-ம் ஆண்டிலேயே, உலோகப் பட்டையும் நூலும் வைத்துப் பல்லை நகர்த்துவது பற்றிப் புத்தகம் போட்டார். அமெரிக்காவின் நார்மன் கிங்ஸ்லி 1880-ல் வெளியிட்ட புத்தகத்தில், பெரியவர்களின் பல்லையும் நகர்த்த முடியும் என்று சொன்னார். பதினாறு தாண்டினால் முடியாது என்று அவருக்குப் பின்னால் மறுத்தவர்களும் இருந்தார்கள். கடைசியில் ஜெயித்தது கிங்ஸ்லி கட்சிதான்.

இன்று அமெரிக்காவில் கம்பி கட்ட வருகிறவர்களில் நாலில் ஒருவராவது பெரியவர்.

2002-ம் ஆண்டில் ஆலிவுட் நடிகர் டாம் குரூஸ், நாற்பது வயதை எட்டிய நேரத்தில், பல்லில் கம்பியோடு காமிராக்காரர்கள் முன் நின்றார். உலகம் முழுக்கப் படம் வந்தது. அவருடைய மார்க்கெட் ஒன்றும் சரியவில்லை!

கோடீசுவர நடிகர் கட்டினால் 'ஸ்டைல்'. நம் ஊர் குமாஸ்தா கட்டினால் 'இந்த வயசுலயா?'

தெத்துப்பல் அழகிகளே, பயம் வேண்டாம்!

இதைப் படித்துவிட்டு, கோணல் பல் உள்ள எல்லோரும் நாளைக் காலையில் கிளம்ப வேண்டும் என்று அர்த்தம் இல்லை.

தெத்துப்பல்லுக்கு நம் ஊரில் தனி மவுசு உண்டு. "தெத்துப்பல் அதிர்ஷ்டம்" என்பார்கள். சிரித்தால் அதுவே ஒரு லட்சணம். ஜப்பானில் 2011-ஐ ஒட்டி, நேராக இருந்த பல்லுக்குமேல் செயற்கையாகத் தெத்துப்பல் ஒட்டிக்கொள்ளும் பேஷன்கூட வந்தது! அங்கே காசு கொடுத்து ஒட்டியதை, இங்கே காசு கொடுத்து எடுக்கிறோம்.

சாப்பிட, பேச, விளக்க இடைஞ்சல் இல்லை, மனசுக்கும் உறுத்தல் இல்லை என்றால், பல்லை அதன் போக்கில் விட்டுவிடலாம். யாரோ சொன்னார்கள் என்று கட்டுவதும் வேண்டாம். யாரோ சிரிப்பார்கள் என்று கட்டாமல் இருப்பதும் வேண்டாம்.

யார் உஷாராக இருக்க வேண்டும்?

பெரியவர்களுக்குச் சில நிபந்தனைகள் உண்டு. டாக்டர்கள் சொல்வதாவது:-

முதலில் ஈறு. ஈறில் ரத்தமும் சீழும் இருக்கும்போது கம்பி கட்டவே கூடாது. சுத்தம் செய்து, ஈறு நோய் அடங்கிய பிறகுதான் கட்ட வேண்டும். இல்லாவிட்டால் பல் நகர்வதற்குப் பதில் ஆடி விழும்.

சர்க்கரை நோய் உள்ளவர்கள் அதைக் கட்டுக்குள் வைத்திருக்க வேண்டும். எலும்புத் தேய்மானத்துக்கு மாத்திரையோ ஊசியோ எடுத்துக்கொள்கிறவர்கள் அதை டாக்டரிடம் மறைக்கக்கூடாது. சில மருந்துகள் பல் நகர்வதையே தடுக்கும்.

பீடி, சிகரெட், வெற்றிலைப் பாக்கு, புகையிலைப் பழக்கம் இருந்தால் அதற்கு முழுக்குப் போட வேண்டும். கொட்டைப்பாக்கு கம்பியையும் உடைக்கும், வாயையும் கெடுக்கும்.

தாடையே பெரிதாகவோ சிறிதாகவோ இருந்தால் கதை வேறு. வளரும் பிள்ளைக்குத் தாடை வளர்ச்சியைத் திருப்பிவிடலாம். பெரியவர்களுக்குத் தாடை வளர்ந்து முடிந்துவிட்டது. அங்கே ஆபரேஷன் தேவைப்படலாம். பழமொழி கொஞ்சமாவது உண்மையாவது இந்த ஓர் இடத்தில்தான். பிள்ளைகளை ஏழு வயதிலேயே ஒருமுறை காட்டிவிடுங்கள் என்று டாக்டர்கள் சொல்வதும் இதற்காகத்தான்.

2,800 கொண்டை ஊசி வளைவு!

நகரத்தில் இருப்பவருக்குக் கம்பி கட்டுவது தெருமுனை வேலை. மலையில் இருப்பவருக்கு அது ஒரு யாத்திரை.

கம்பி கட்டிவிட்டால், நாலு வாரத்துக்கு அல்லது ஆறு வாரத்துக்கு ஒருமுறை டாக்டரிடம் போய் முறுக்கிக்கொண்டு வர வேண்டும். இரண்டு வருஷத்தில் சுமார் 20 தடவை என்று வையுங்கள். ஒரு தடவைக்கு இறங்க 70 வளைவு, ஏற 70 வளைவு. 20 தடவைக்கு எவ்வளவு?

2,800 கொண்டை ஊசி வளைவுகள்!

பஸ் சார்ஜ், ஒருநாள் கூலி, தலைசுற்றல் எல்லாம் சேர்த்துத்தான் மலைவாசிக்குச் செலவு. அப்படி இறங்கி வந்து ஏறுகிறவரைப் பார்த்து "இந்த வயசுல இது தேவையா?" என்று கேட்பதற்கு முன்னால், இந்த 2,800-ஐக் கொஞ்சம் நினைத்துப் பார்க்க வேண்டும். அவ்வளவு தூரம் ஒருவர் போகிறார் என்றால், அது அவருக்கு எவ்வளவு நாள் மனக்குறையாக இருந்திருக்கும்!

எங்கே போவது?

கம்பி கட்டுவது எல்லாப் பல் டாக்டருக்கும் பொதுவான வேலை இல்லை. அதற்கென்று பி.டி.எஸ். படிப்புக்கு மேலே எம்.டி.எஸ். என்ற மேல்படிப்பு படித்தவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு 'ஆர்த்தோடான்டிஸ்ட்' என்று பெயர். போர்டில் அதைப் பார்த்துப் போவது நல்லது.

மலைக்காரர்களுக்குக் கிட்டத்தில் திருச்செங்கோட்டிலும் சேலத்திலும் பல் மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. கல்லூரி ஆஸ்பத்திரிகளில் தனியார் கிளினிக்கைவிடக் கட்டணம் குறைவாக இருப்பது வழக்கம். பதிலுக்குக் காத்திருக்கப் பொறுமை வேண்டும். சென்னைவாசிகளுக்குக் கோட்டை ரெயில் நிலையம் அருகே அரசு பல் மருத்துவக் கல்லூரி 1953-ல் இருந்து நடக்கிறது.

தனியார் கிளினிக்கில் சாதாரண உலோகக் கம்பிக்கே ரூ.30 ஆயிரத்துக்கு மேல் கேட்பது சகஜம். பல் நிறத்திலேயே இருக்கும் பீங்கான் வகை, வெளியே தெரியாமல் பல்லுக்குப் பின்பக்கம் கட்டும் வகை, கழற்றி மாட்டும் கண்ணாடி மாதிரியான உறை வகை என்று போகப் போக ரேட் ஏறும். மொத்தப் பணத்தையும் முதல் நாளே கட்ட வேண்டியது இல்லை. பல இடங்களில் தவணை உண்டு. எத்தனை தவணை, கடைசியில் போடும் 'ரிட்டெய்னர்' செலவும் சேர்த்தியா என்று முதலிலேயே கேட்டு, எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

வாய் பார்க்காமல் வைத்தியம்

ஒரு காலத்தில் 'சீனப் பல் டாக்டர்' என்ற போர்டு நம் நகரங்களில் பிரபலம். பரம்பரையாகத் தொழில் தெரிந்தவர்கள் அவர்கள். 1948-ல் பல் மருத்துவர் சட்டம் வந்து, பதிவு செய்தவர்தான் தொழில் செய்யலாம் என்று ஆனது. இன்று ஏமாற்று வேறு ரூபத்தில் வருகிறது.

"டாக்டரிடமே போக வேண்டாம். நீங்களே வீட்டில் பல் அச்சு எடுத்து அனுப்புங்கள். உறை தபாலில் வரும்" என்கிறார்கள். வேலைக்குப் போகிற பெரியவர்களைக் குறிவைத்துத்தான் இந்த விளம்பரம். அமெரிக்காவில் 'ஸ்மைல் டைரக்ட் கிளப்' என்ற கம்பெனி இப்படி அமோகமாக வியாபாரம் செய்தது. 2023 டிசம்பரில் திடீரென்று மூடிவிட்டார்கள். பாதி வைத்தியத்தில் இருந்தவர்கள் வாயைப் பிளந்துகொண்டு நின்றார்கள்!

எக்ஸ்ரே எடுத்து, வேரையும் எலும்பையும் பார்க்காமல் பல்லைத் தள்ளுவது, அஸ்திவாரம் பார்க்காமல் மாடி கட்டுகிற மாதிரி.

பலாச்சுளை உண்டா?

கம்பி கட்டிய முதல் மூன்று, நாலு நாள் பல் கூசும். கடிக்க முடியாது. கஞ்சி, குழைந்த சாமைச் சோறு, களி என்று தள்ள வேண்டும். கம்பி உரசி உதட்டின் உள்பக்கம் புண்ணானால், அதற்கு ஒட்ட மெழுகு தருவார்கள்.

பிறகு கொல்லிமலைப் பலாப்பழம் சாப்பிடலாமா? சாப்பிடலாம். கத்தியால் சின்னச்சின்னதாக நறுக்கி, கடைவாயில் மென்று சாப்பிட வேண்டும். அன்னாசியும் அப்படித்தான். முன்பல்லால் கடித்து இழுத்தால் ஒட்டிய கிளிப் கையோடு வந்துவிடும். கரும்பு, முறுக்கு, கடலை மிட்டாய், வறுத்த பலாக்கொட்டை இவற்றுக்கு இரண்டு வருஷம் லீவு.

சாப்பிட்ட ஒவ்வொரு தடவையும் பல் விளக்க வேண்டும். இல்லாவிட்டால் கிளிப்பைச் சுற்றி வெள்ளை வெள்ளையாகத் தழும்பு விழும். கழற்றியபிறகும் போகாது.

கம்பியைக் கழற்றினால் வேலை முடிந்துவிட்டது என்று நினைக்காதீர்கள். பல்லுக்குப் பழைய வீட்டு ஞாபகம் போகாது. திரும்பிப் போகப் பார்க்கும். அதைப் பிடித்து வைக்கத்தான் ரிட்டெய்னர். ராத்திரியில் போட்டுக்கொள்ள வேண்டும். எத்தனை நாள்? பல்லை அப்படியே வைத்திருக்க ஆசைப்படுகிற நாள் வரை!

இப்போதே 45 ஆகிவிட்டதே, முடியும்போது 47 ஆகிவிடுமே என்று தயங்குகிறவர்களுக்கு ஒரு கணக்கு. கட்டாவிட்டாலும் இரண்டு வருஷத்தில் உங்களுக்கு 47 வயதுதான் ஆகும். பல்தான் அப்படியே இருக்கும்.

கட்டுகிறதும் விடுகிறதும் உங்கள் இஷ்டம். முதலில் ஈறைக் காட்டி ஒரு டாக்டரைக் கேளுங்கள். அதற்குப் பெரிய செலவு ஆகாது.

மற்றவர்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. நாளைக்கு பஸ்சில் உங்கள் பக்கத்தில் நரைத்த மீசையோடு, பல்லில் கம்பியோடு ஒருவர் வந்து உட்கார்ந்தால், வயதைக் கேட்காதீர்கள். எந்த ஊருக்குப் போறீங்க என்று கேளுங்கள். அவர் கையால் வாயை மூடாமல் பதில் சொல்லட்டும்.